முதன்மைப் பயனர்

சங்கவி காதுக்குப் பின்னால் ‘படி’யைப் பொருத்திக்கொண்டது ஜெர்மன் மொழி கற்பதற்காக. நான்கு வருடம் கழித்து, அதே கருவியோடு, அவள் பாளையங்கோட்டையில் மாடித் தோட்டத்துக்குப் பேர் போனவளாக இருந்தாள். இதில் அவளுக்கு விசித்திரமாக எதுவும் படவில்லை. எல்லோருக்கும் மனம் மாறுகிறது, தனக்கும் மாறிவிட்டது என்றுதான் கேட்டவர்களிடம் சொல்லிவந்தாள்.

அவள் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். பகல் ஷிஃப்டில் முப்பத்தெட்டு நோயாளிகளுக்கு இரண்டு பேர். ஒருமுறை வார்டின் இந்தக் கோடியில் அவள் டிரிப் மாற்றிக்கொண்டிருந்தபோது, அந்தக் கோடியில் ஒரு பெண்மணி தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். சங்கவி போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. தண்ணீர் கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னார். அது சங்கவிக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நோயாளியின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார முடிகிற இடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று அன்று தீர்மானித்தாள். கூட வேலை பார்த்த ஜெசிந்தாவுக்கும் அதே எண்ணம் இருந்தது. இருவரும் சேர்ந்து ஜெர்மனிக்கு விண்ணப்பிப்பது என்று பேசி வைத்துக்கொண்டார்கள்.

அதற்கு மொழித் தேர்வில் தேற வேண்டும். சங்கவி மூன்று தடவை படிக்க ஆரம்பித்து, மூன்று தடவையும் இரண்டாவது வாரத்தில் விட்டுவிட்டாள். வேலை முடிந்து வரும்போது கால் வீங்கியிருக்கும். புத்தகத்தைத் திறந்தால் கண் சொருகும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் கணவன் ஆவுடையப்பன் ‘படி’யைக் கொண்டுவந்தான். அவன் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். அந்தப் பள்ளி ஆசிரியர்களின் குடும்பங்களுக்கு அதைச் சலுகையில் வாங்கிக் கொடுத்தது. உளுந்து அளவில் ஒரு கருவி. காது மடலுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைப்பார்கள். என்ன இலக்கு, அதற்கு நாள்தோறும் என்ன செய்ய வேண்டும் என்று செயலியில் குறித்துவிட்டால் போதும். மற்றதை அது பார்த்துக்கொள்ளும். யாரையும் அது எழுப்பிவிடாது, மிரட்டாது. செய்ய வேண்டியதைச் செய்தால் மனத்துக்கு இதமாக இருக்கும். செய்யாவிட்டால் எதையோ இழந்த மாதிரி இருக்கும். சிகரெட்டை விட்டவர்களும், அரசுத் தேர்வில் தேறியவர்களும், மூச்சு வாங்காமல் மலை ஏறியவர்களும் அதன் விளம்பரங்களில் வந்தார்கள். ஆவுடையப்பனே பன்னிரண்டு கிலோ குறைத்திருந்தான்.

சங்கவிக்கும் அது வேலை செய்தது. காலை நாலேமுக்காலுக்கு எழுந்து ஐம்பது நிமிடம் பாடம், பன்னிரண்டு புதுச் சொற்கள், ஜெசிந்தாவுக்கு ஜெர்மனில் ஒரு குரல் பதிவு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் கேட்கும் பயிற்சி. இவ்வளவுதான் திட்டம். எட்டு மாதத்தில் அவள் மூன்று நிலைகளைத் தாண்டினாள். பேருந்தில் போகும்போது கடைப் பலகைகளை மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே போவாள். தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது.

பிறகு ஒரு ஜூன் மாதத்தில் அந்த ஆசை போய்விட்டது. சண்டை, தோல்வி, உடம்புக்கு முடியாமல் போனது என்று சொல்லும்படி எந்தக் காரணமும் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் அதில் இருந்தது அவளுக்குச் சம்பந்தமில்லாத யாருடைய பாடமோ போலத் தெரிந்தது. சில நாட்களில் அதைத் திறப்பதும் நின்றது. அதே காலை நேரத்தில் மாடிக்குப் போய், ஆவுடையப்பன் சும்மா வாங்கிப் போட்டிருந்த செடிப் பைகளில் மண் நிரப்பினாள். மண்ணில் கை வைத்தபோது அவ்வளவு நிம்மதியாக இருந்தது. பாகற்காய், புடலை, நாட்டு ரோஜா, அடுக்குச் செம்பருத்தி. ஊரில் நடந்த மாடித் தோட்டப் போட்டியில் இரண்டு வருடம் பரிசு வாங்கினாள்.

ஜெர்மனிக்கு வரவில்லை என்று அவள் சொன்னபோது ஜெசிந்தா நம்பவில்லை. பிறகு அழுதாள். அதற்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். தனியாகத் தேர்வு எழுதினாள், தனியாகவே விமானம் ஏறினாள். போன முதல் மாதத்தில் ஒரே ஒரு செய்தி அனுப்பினாள்: “இங்க வந்து இறங்குனப்பதான் தெரிஞ்சுது, நான் ஒன்ன நம்பித்தான் கெளம்பியிருக்கேன்னு.” சங்கவி அதைப் படித்துவிட்டு வருத்தம்தான் பட்டாள். ஆனால் குற்ற உணர்ச்சி வரவேண்டிய அளவுக்கு வரவில்லை. அன்று செடிகளுக்கு மீன் அமில உரம் கலக்கும் வேலை இருந்தது.

மூன்று வருடம் கழித்து, டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வந்த ஜெசிந்தா ஒருநாள் காலை சொல்லாமல் வந்து நின்றாள். கோபம் ஆறிப் போயிருந்தது. கொஞ்சம் பருத்திருந்தாள். சங்கவி அவளை மாடிக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு செடியாகக் காட்டினாள். ஜெசிந்தா பொறுமையாகப் பார்த்தாள். பிறகு தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, போனில் பழைய குரல் பதிவுகளைத் தேடி எடுத்தாள். அங்கே குளிர்காலத்தில் தனியாக இருந்த நாட்களில் அவற்றைக் கேட்டு அழுததாகச் சொல்லிவிட்டு, ஒன்றை ஓடவிட்டாள்.

“ஏட்டி ஜெசி, இன்னைக்கு எனக்குக் கனவே ஜெர்மன்ல வந்துச்சுட்டி. அந்தத் தண்ணி கேட்ட அம்மா வந்தாங்க. நான் பக்கத்துல உக்காந்து ஜெர்மன்ல பேசுதேன், அவங்களுக்குப் புரியுது. முழிச்சு எந்திரிச்சு அழுதுட்டேன். நாம போயிருவோம்லா? போயிரணும்ட்டி. போவாட்டா நான் செத்துருவேன்.”

சங்கவி கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் அவளுடையதுதான். சொன்னதும் நினைவிருந்தது. அந்தக் காலையில் எந்த நைட்டி போட்டிருந்தாள் என்பதுகூட நினைவிருந்தது. ஆனால் அந்தக் குரலில் இருந்த தவிப்பு அவளைத் தொடவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பதிவைக் கேட்டிருந்தால்கூட அவளுக்கு இதைவிடப் பாவமாக இருந்திருக்கும்.

ஜெசிந்தா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் செவிலியர். முகம் பார்க்கத் தெரிந்தவள்.

“ஒனக்கு ஒண்ணுமே தோணலையா?”

“இல்லட்டி.”

“ஆசை கொறையும். எல்லாருக்கும் கொறையும். கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்லா. இப்படித் தொடச்சு எடுத்த மாதிரியா போவும்?”

பிறகு அவள் தேதிகளைக் கேட்க ஆரம்பித்தாள். கடைசிக் குரல் பதிவு எப்போது, தோட்டம் ஆரம்பித்தது எப்போது என்று. பதிவு ஜெசிந்தாவிடம் இருந்தது: ஜூன் இருபத்திமூன்று. அதிலும் சங்கவியின் குரல் பழையபடி துடிப்பாகத்தான் இருந்தது. செடிப் பைகள் வாங்கியது சங்கவியின் போனில் இருந்தது. அந்த இணையக் கடையின் கணக்கு அவள் பெயரில் இருந்தாலும் வாங்கியது ஆவுடையப்பன். தேதி ஜூன் பத்தொன்பது. நாற்பது பைகள், மண் கலவை, விதை, பூவாளி.

ஜெர்மன்மேல் அவள் உயிராக இருந்தபோதே, செடிகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாதபோதே, நாற்பது பைகள் வந்திருக்கின்றன. சங்கவியின் கை தானாகக் காதுக்குப் பின்னால் போயிற்று. ஜெசிந்தா இருவருக்குமாக ஆட்டோ பிடித்தாள்.

‘படி’யின் சேவை மையம் புறவழிச் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடம். அங்கே விநோதன் என்ற இளம் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இலக்கு மாற்றப் பதிவைப் பார்க்க வேண்டும் என்று சங்கவி கேட்டாள். கணக்கு அவள் கணவர் பெயரில் இருக்கிறது, குடும்பத் தொகுப்பில் முதன்மைப் பயனர் அவர்தான், அவர் வந்து கேட்டால் காட்டலாம் என்றார். சங்கவி தலையைத் திருப்பிக் காதை முன்பக்கமாக மடித்துக் காட்டினாள்.

“இது அவர் தலையிலயா சார் இருக்கு?”

விநோதன் சற்று யோசித்தார். அணிந்திருப்பவர் நேரில் எழுதிக் கேட்டால் காட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. எழுதி வாங்கிக்கொண்டு திரையை அவள் பக்கம் திருப்பினார். நான்கே வரிகள்.

ஜூன் 24. இலக்கு மாற்றக் கோரிக்கை: முதன்மைப் பயனர். பழைய இலக்கு: ஜெர்மன் மொழித் தேர்வு. புதிய இலக்கு: மாடித் தோட்டம்.
ஜூன் 24 முதல் ஜூலை 4 வரை: பழைய இலக்கின் ஆர்வம் தணிக்கப்பட்டது.
ஜூலை 5. அணிபவரின் ஒப்புதல் கோரப்பட்டது.
ஜூலை 5. ஒப்புதல் பெறப்பட்டது.

“பாருங்க மேடம், உங்ககிட்டக் கேட்டுத்தான் செஞ்சிருக்கோம். நீங்க சரின்னு அழுத்தியிருக்கீங்க” என்றார் விநோதன்.

அழுத்தியது அவளுக்கு நினைவு வந்தது. போனில் ஏதோ ஒரு கேள்வி. இனி ஜெர்மன் வேண்டாமா, தோட்டம் போதுமா என்ற மாதிரி. அப்போது அவளுக்கு ஜெர்மன் வேண்டியிருக்கவில்லை. அதனால் ஆம் என்று அழுத்தினாள்.

“பதினோரு நாள் ஆசைய எடுத்துட்டு, பன்னிரண்டாவது நாள் வேணுமான்னு கேட்டிருக்கீங்க.”

“அது நடைமுறை மேடம். ஆர்வம் இருக்கிறப்பவே கேட்டா யாரும் மாத்த ஒத்துக்க மாட்டாங்க. சிகரெட்டை விடுறவரை எடுத்துக்குங்க. குடிக்கிற ஆசை இருக்கும்போது விடட்டுமான்னு கேட்டா வேண்டாம்னுதான் சொல்வார். அவங்க வீட்டம்மா கோரிக்கை வைப்பாங்க. நாங்க முதல்ல ஆசையத் தணிச்சுட்டு அப்புறம் கேப்போம். பின்னால அவரே வந்து நன்றி சொல்வார்.”

“ஆசையக் கூட்டுற கருவின்னுதான சொல்லிக் குடுத்தீங்க?”

“கூட்டத் தெரிஞ்ச கருவிக்குக் குறைக்கவும் தெரியும் மேடம். ரெண்டும் ஒரே வேலைதான்.”

கருவியை எடுத்துவிட வேண்டும் என்றாள் சங்கவி. திடீரென்று எடுத்தால் மனம் சோர்ந்து படுத்துவிடும், படிப்படியாகக் குறைத்துத்தான் எடுக்க வேண்டும், பத்து நாள் கழித்து வாருங்கள் என்று விநோதன் தேதி எழுதிக் கொடுத்தார். ஒன்று மட்டும் தன்னால் செய்ய முடியும் என்று சொல்லி, இனிமேல் வரும் அறிவிப்புகள் அவள் போனுக்கும் வரும்படி ஒரு கட்டத்தில் குறி போட்டார். அவர் கெட்டவர் இல்லை என்று பிற்பாடு சங்கவிக்குத் தோன்றியது.

அன்று மாலை ஆவுடையப்பன் பள்ளியிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. அவள் எதிரே உட்கார்ந்து கேட்டாள். அவன் மறுக்கவில்லை. நெடுநாளாக எதிர்பார்த்திருந்தவன் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

அவனும் அப்போது ஜெர்மன் படித்துப் பார்த்தான். அது அவளுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாத மிச்சத்தை அன்றுதான் சொன்னான். வகுப்பில் அவனைத் தவிர எல்லோரும் இருபது வயதுப் பிள்ளைகள். இரண்டு பேர் அவனிடமே கணக்குப் படித்தவர்கள். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் நான்கு வாக்கியங்களை அவனால் தடுமாறாமல் சொல்ல முடியவில்லை. அந்தப் பிள்ளைகள் சிரித்தார்கள். முதல் நிலைத் தேர்விலேயே இரண்டு முறை தோற்றான். தனக்கும் ‘படி’யில் ஜெர்மனை இலக்காகப் போட்டுப் பார்த்தான். ஆசை கூடியது, நாக்கு வளையவில்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது என்றான்.

“அங்க போயி நான் என்னவா இருப்பேன் சொல்லு. நீ வேலைக்குப் போவ. நான் கதவப் பூட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கணும். இங்க ரோட்டுல போனா நாலு பேரு சார்னு நிக்கான். அங்க ஒரு பால் பாக்கெட் கேட்டு வாங்க வாய் வராது.”

“அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா.”

“சொன்னா நீ நின்னுருப்பியா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். அன்றைய சங்கவி நின்றிருப்பாளா என்று இன்றைய சங்கவிக்குத் தெரியவில்லை. நிற்காமல் போயிருப்பாள், சண்டை வந்திருக்கும், ஒருவேளை இவனை விட்டுவிட்டே போயிருப்பாள். அல்லது இவன் அழுவதைப் பார்த்து ஒரு வருடம் தள்ளிப்போட்டிருப்பாள். எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

“ஒன்னக் கஷ்டப்படுத்தணும்னு பண்ணல” என்றான் அவன். “கஷ்டப்படக் கூடாதுன்னுதான் பண்ணேன். போகாதன்னு தடுத்திருந்தா வாழ்நாள் பூரா எம்மேல ஒரு கொற இருந்திருக்கும். அந்தக் கொறகூட இல்லாமப் பாத்துக்கிட்டேன். நெஞ்சத் தொட்டுச் சொல்லு, இந்த மூணு வருசத்துல ஒரு நாள் அழுதிருக்கியா?”

அழவில்லை. அதுதான் உண்மை. அந்த வீட்டில் மூன்று வருடமும் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அவன் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் அதுதான். எழுந்துபோய் அடுப்படியில் நின்றாள். அவன் பின்னாலேயே வந்து, மன்னித்துவிடச் சொன்னான். இனி அந்தக் கணக்கைத் தொடமாட்டேன் என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அதில் பொய் இருந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் இரண்டு நாள் சங்கவியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முன் அறையில் பாய் போட்டுப் படுத்தாள். கருவி எடுத்த பிறகு என்ன செய்வது என்று ஜெசிந்தாவிடம் பேசினாள். தன் அம்மா வீட்டு மேல்தளம் காலியாகத்தான் கிடக்கிறது, வந்து தங்கிக்கொள் என்றாள் ஜெசிந்தா.

மூன்றாவது நாள் சங்கவி கொஞ்சம் நன்றாகத் தூங்கினாள். நான்காவது நாள் அவன் சட்டைகளை இஸ்திரி போட்டு வைத்தாள். ஐந்தாவது நாள் காலையில் அவனுக்குப் பிடிக்குமே என்று கூட்டாஞ்சோறு வைக்க முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தபோது, பாவம், பயந்துதானே செய்துவிட்டார் என்று நினைத்தாள். நினைத்தவுடன் நெஞ்சில் ஒரு இதம் பரவியது. அப்போது போனில் ஒரு செய்தி வந்தது.

“வாழ்த்துகள், சங்கவி! ‘மன்னித்தல்’ இலக்கில் ஐந்தாம் நாளை எட்டிவிட்டீர்கள். இன்றைய சிறு படி: அவருக்குப் பிடித்த ஒன்றைச் சமைத்துக் கொடுங்கள்.”

அவள் அதை மூன்று முறை படித்தாள். கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. அடுத்த அறையில் அவன் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் செருமுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம்கூட அவளுக்குப் பிரியமாக இருந்தது. அந்தப் பிரியத்தைக் கண்டுதான் அவள் பயந்தாள். இன்னும் ஐந்து நாள் போனால் இந்தச் செய்தியைப் படித்து இவள் சிரிப்பாள். கருவியை எடுக்கப் போகவும் மாட்டாள்.

அவள் கீரையை அப்படியே முறத்தில் விட்டுவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவன் ஜன்னலிலிருந்து எங்கே போகிறாய் என்று கேட்டான். கொத்தமல்லி வாங்கிவருவதாகச் சொன்னாள். ஆட்டோவில் போகும்போது, திரும்பிப் போய்விடலாம், அவரிடமே கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. செய்தியைக் கையில் திறந்தே வைத்துக்கொண்டாள். திரும்பத் தோன்றும்போதெல்லாம் அதைப் படித்தாள்.

ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போய் அவளிடம் போனை நீட்டினாள். “எனக்கு அவர்மேல கோவம் இல்லட்டி. அதான் வந்தேன். இப்பவே எடுத்துரு. நடுவுல நான் வேண்டாம்னு சொன்னாலும் கேக்காத.”

ஜெசிந்தா படித்தாள். படித்துவிட்டு, சங்கவிக்கு வர வேண்டிய கோபத்தையும் சேர்த்து அவளே பட்டாள். மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பி மரத்துப்போகச் செய்யும் ஊசியும் பிளேடும் தையல் நூலும் வாங்கினாள். சாப்பாட்டு மேசை மேல் தலையைச் சாய்க்க வைத்து எடுத்தாள். நடுவில் ஒருமுறை சங்கவி வேண்டாம் என்றாள். ஜெசிந்தா அவள் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு தையல்.

விநோதன் சொன்னது பொய் இல்லை. மனம் படுத்துவிட்டது. ஏழு வாரம் அவள் அந்த மேல்தளத்தை விட்டு இறங்கவில்லை. பல் துலக்குவதற்கே யாராவது நினைவுபடுத்த வேண்டியிருந்தது. ஜெசிந்தா விடுமுறையை நீட்டிப் பார்த்து, பிறகு வழியில்லாமல் கிளம்பிப் போனாள். ஜெசிந்தாவின் அம்மா மூன்று வேளையும் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, கேள்வி கேட்காமல் இறங்கிப் போவார்.

ஜெர்மன் ஆசை திரும்பி வரும் என்று சங்கவி காத்திருந்தாள். வரவில்லை. போகாமல் இருந்தது தோட்டத்தின் மேல் இருந்த ஆசை. மூன்று வருடத்தில் அது கருவி இல்லாமலே நிற்கக் கற்றுக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு மாடியில் வாடிக்கிடந்த ஒரு கறிவேப்பிலைச் செடியைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும் போலக் கை பரபரத்தது. அது யாருடைய கை என்று நினைத்து அவள் ஜன்னலை மூடிக்கொள்வாள்.

எட்டாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, அவள் ஜெசிந்தாவின் பழைய ஜெர்மன் புத்தகத்தை எடுத்து முதல் பாடத்தைத் திறந்தாள். படிக்கப் பிடிக்கவில்லை. ஐம்பது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படித்தாள். முடித்தபோது நெஞ்சில் எந்த இதமும் வரவில்லை, தலைதான் வலித்தது. செவ்வாய்க்கிழமையும் படித்தாள். ஒரு வியாழக்கிழமை படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி உட்கார்ந்தாள். முதல் தடவை எட்டு மாதத்தில் முடித்ததை இப்போது மீட்டெடுக்கவே ஒன்றேகால் வருடம் ஆயிற்று. இடையில் மருத்துவமனை வேலைக்கும் திரும்பினாள். அதே வார்டு, அதே முப்பத்தெட்டுப் பேர். பேருந்தில் கடைப் பலகைகளை மொழிபெயர்க்கத் தோன்றவில்லை. வலுக்கட்டாயமாக மொழிபெயர்த்தாள்.

ஆவுடையப்பன் பலமுறை போன் செய்தான். ஒருநாள் மருத்துவமனை வாசலில் காத்திருந்தான். மெலிந்து போயிருந்தான். முதன்மைப் பயனர் கணக்கையே மூடிவிட்டதாகவும், ‘மன்னித்தல்’ இலக்கை, அவள் விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயத்தில் புத்தி கெட்டுப் போட்டுவிட்டதாகவும் சொன்னான். இப்போதும் கோபமா என்று கேட்டான்.

“தெரியல” என்றாள் சங்கவி. “கோவம் முழுசா திரும்பி வந்துச்சா, பாதிதான் வந்துச்சான்னு எனக்கே தெரியல. உங்கமேல இருந்த பிரியத்துல எது என்னோடது, எது நீங்க வச்சதுன்னும் தெரியல. கேட்டுத் தெரிஞ்சுக்க எனக்குள்ள ஆள் இல்ல. நீங்க பண்ணதுல என்னால தாங்க முடியாதது அதுதான்.”

அவளுக்கு ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது. உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு வக்கீல் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

தேர்வு சென்னையில் நடந்தது. எழுத்துத் தேர்வு முடிந்து மறுநாள் காலை வாய்மொழித் தேர்வு. சிறிய அறை, குளிர்சாதனம், ஒரு மேசை. எதிரே நரைத்த கூந்தலைக் கத்தரித்துவிட்டிருந்த ஒரு ஜெர்மன் பெண்மணி. முகத்தில் கண்டிப்பு இல்லை. முதலில் வேலையைப் பற்றிக் கேட்டார், ஊரைப் பற்றிக் கேட்டார். சங்கவி நிதானமாகப் பதில் சொன்னாள். எங்கேயும் தடுமாறவில்லை. கடைசியாக, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: நீங்கள் ஏன் ஜெர்மனிக்கு வர விரும்புகிறீர்கள்?

பயிற்சி வகுப்பில் இதற்குப் பதில் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். எனக்குச் சிறுவயது முதலே ஆசை என்று ஆரம்பிக்கும். சங்கவி அதைச் சொல்ல வாயைத் திறந்தாள், வரவில்லை. பிறகு, ஒரு நோயாளியின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார வேண்டும் என்று அவள் மிகவும் ஆசைப்பட்டாள், அதற்காகத்தான் வருகிறேன் என்று ஜெர்மனில் சொன்னாள்.

அந்தப் பெண்மணி தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். புன்னகையோடு நிமிர்ந்து, வாக்கியம் நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு சிறு பிழை என்றார். “அவள் ஆசைப்பட்டாள் என்று சொல்லிவிட்டீர்கள். ‘நான்’ என்று வர வேண்டும்.”

“இல்லை” என்றாள் சங்கவி. “சரியாகத்தான் சொன்னேன்.”